ஜிலேபிக்கு ஒரு புதுக்குழாய்

ஜெக்கரியாவுக்கு ஒரு வாத்தியம் ஊதத் தெரியும் என்பது தஞ்சாவூர் விதைக் கிடங்கில் யாருக்கும் தெரியாது. அங்கே அவர் நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்கிற ஆள். விவசாயி மூட்டையைப் பிரிப்பார். இவர் நாலு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் வாங்கிக்கொள்வார், நசுங்கினால் இன்னும் காயட்டும் என்பார். வந்தவர்கள் அவர் வாயைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. பிழைப்பு என்றால் அப்படித்தான், அதற்கு யாரை நோவது?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் அவர் வேறு ஆள். பேண்டு வரிசையில் ஓரத்து நாற்காலி, மடியில் ஃபிரெஞ்சு ஹார்ன். எந்தக் காலத்திலோ ஜெர்மனியிலிருந்து மிஷன்காரர்கள் கொண்டுவந்து போட்ட சாமான். சுற்றிச் சுற்றி ஒரே குழாயாகப் போய் கடைசியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி கிருபாவதி வைத்த பேர் ஜிலேபி. அந்தப் பேர் தெருவுக்கே பரவிவிட்டது.

சிரிக்கட்டும். ஆனால் அந்த ஜிலேபிக்காக அந்த மனுஷன் சிங்கப்பூரையே வேண்டாம் என்று சொன்னவர். கிருபாவதியின் தம்பி எல்வின் தொண்ணூற்றிரண்டில் சிங்கப்பூர் போனான். கப்பல் பட்டறையில் குழாய் ஃபிட்டர். போன மறு வருஷமே அத்தானுக்கும் ஒரு ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்து வைத்தான். பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஊரில் கேட்டவர்களிடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார் ஜெக்கரியா. மனைவியிடம் மட்டும், “அங்க போனா ஹார்ன் ஊத முடியாதே கிருபா” என்றார். அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அந்தப் பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை. தெருவில் சிங்கப்பூர் போனவர்கள் வீடெல்லாம் மாடி ஏறியது, மாடிக்கு மேல் டிஷ் ஆன்டெனா ஏறியது. ஜெக்கரியா வீட்டில் ஓடு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இப்படி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து வைத்துக்கொண்ட வாத்தியம் ஒழுங்காகப் பேச வேண்டுமா இல்லையா? அதுதான் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கீழ் சுரமெல்லாம் வெண்ணெய் மாதிரி வரும். மேலே ஏறும்போது ஒரு சுரம் மட்டும் பிசிறடிக்கும். சில நாள் வரும், பல நாள் வராது. ஒரு வருஷமாக இதே கதை.

பேண்டு தலைவர் ஜோஸ்வா சார் முதலில் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். எல்வின் கல்யாணம் நிச்சயமானதும் வாயைத் திறந்தார். அந்தச் சபையில் ஒரு வழக்கம். மணப்பெண் கோயில் வாசலில் வந்து நிற்பாள். ஹார்ன் மட்டும் தனியாக ஞானப்பாட்டின் முதல் வரியை ஊதி முடிக்கும். முடித்த பிறகுதான் பெண் வலது காலை உள்ளே வைப்பாள். அந்த வரியின் நடுவில்தான் அந்தப் பாழாய்ப்போன மேல் சுரம் இருக்கிறது.

“ஜெக்கரியா, தப்பா எடுத்துக்காதப்பா. வயசாகுது உனக்கு. உதடு முன்ன மாதிரி நிக்காது. சான்ட்ராவ கீபோர்டுல வாசிக்கச் சொல்லட்டுமா?”

“எங்க வீட்டுக் கல்யாணம் சார்!”

“அதனாலதான் சொல்றேன். ஒத்திகைக்கு ஒத்திகை பாக்குறேன். சரியா வந்தா உனக்கு, வரலைன்னா அவளுக்கு.”

புதிதாக வாங்கிய கீபோர்டு கையில் அந்த வரி ஒரு தரம் போனால் திரும்பி வராது என்பது ஜெக்கரியாவுக்குத் தெரியும். அதில் பொத்தானை அமுக்கினால் ஹார்ன் சத்தமே வரும். பிறகு இவர் எதற்கு? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவரைப் போட்டு அரித்தது. கோளாறு ஜிலேபியிலா, தன்னிடமா? ஜிலேபியில் என்றால் சரி செய்துவிடலாம். தன்னிடம் என்றால்? நெல்லைக் கடித்துக் கடித்து முன்பல் தேய்ந்துவிட்டதோ என்று கண்ணாடியில் பார்த்தார். பல் அப்படியேதான் இருந்தது. தேய்ந்த மாதிரியும் இருந்தது.

இந்தக் குழப்பத்தில் ஒரு நாள் புளி போட்டு ஹார்னைத் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. வாய் வைக்கிற பீஸைச் சொருகுகிறோமே, அதிலிருந்து கிளம்புகிற முதல் குழாய், அதன் மேல் சிவப்பு சிவப்பாகப் புள்ளி. எத்தனை தேய்த்தும் போகவில்லை. முன்பு ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு பேண்டு மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. எச்சில் பட்டுப்பட்டு அந்தக் குழாய் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும், சிவப்புப் புள்ளி விழுந்தால் ஆயுசு முடிந்தது, அதற்கு லீட்பைப் என்று பேர், அதை மட்டும் மாற்றினால் வாத்தியம் புதுசாகிவிடும்.

ஜெக்கரியாவுக்கு உயிர் வந்தது. ஆகா, நான் இல்லை, குழாய்!

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி எல்வினைக் கூப்பிட்டார். ஹார்னில் பொறித்திருந்த கம்பெனிப் பேரையும் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“குழாய்தானே அத்தான்? நான் இங்க கப்பலுக்கே குழாய் மாத்திக்கிட்டிருக்கேன். உங்க ஜிலேபிக்கு வாங்க மாட்டனா?” என்று சிரித்தான் எல்வின்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் கோடாலித் தைலம், சென்ட், டைகர் பாம் எல்லாவற்றுக்கும் நடுவில் துண்டில் சுற்றி அதைக் கொண்டுவந்தான். மீனம்பாக்கத்தில் சுங்கக்காரர் துப்பாக்கியின் குழாயோ என்று பிடித்து வைத்துவிட்டாராம், வாயில் வைத்து ஊதிக் காட்டிய பிறகுதான் விட்டாராம். தகதகவென்று இருந்தது குழாய். கையில் கனமே இல்லை, காகிதம் மாதிரி மெல்லிசு. ஜெக்கரியா அதைத் தொடுவதற்கு முன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கிருபாவதி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, இது கோயில் சாமான்தானே?”

“ஆமா.”

“அப்ப நம்ம பேரு போட வேணாமா? ட்யூப் லைட்டு குடுத்தவங்க பேரு வெளிச்சமே தெரியாத அளவுக்கு எழுதியிருக்கு. ஃபேன் குடுத்தவங்க பேரு இறக்கைக்கு இறக்கை இருக்கு. எந்தம்பி கடல் தாண்டிக் கொண்டாந்திருக்கான். எங்கம்மா பேரைப் போடுங்க.”

எல்வினும், “ஆமா அத்தான், அம்மா இருந்திருந்தா என் கல்யாணத்துக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க” என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. அம்மா சாகும்போது அவன் சிங்கப்பூரில் இருந்தான், அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை.

ஜெக்கரியாவின் மாமியார் ஞானப்பூ அம்மாள் போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் தவறினார். இவர்களோடுதான் இருந்தார். நல்ல மனுஷி, குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு பழக்கம். சாயங்காலம் ஜெக்கரியா கொல்லையில் உட்கார்ந்து பழகுவார். கீழிருந்து சுரம் ஏறி ஏறி, இதோ உச்சியைத் தொடப்போகிறார் என்கிற அந்த நேரத்தில், உள்ளேயிருந்து கட்டிலில் படுத்தபடியே அந்த அம்மாள் குரல் கொடுப்பார்: “மாப்பிள்ளை! பால்காரன் வந்துட்டானா பாருங்க!” பால்காரன் இல்லாவிட்டால் கோழி, கோழி இல்லாவிட்டால் மழை. என்ன கணக்கோ தெரியாது, சரியாக அந்தச் சுரத்தில்தான் கூப்பிடுவார். அந்த வீட்டில் அந்த வரியை ஜெக்கரியா ஒரு தரமாவது முழுசாக ஊதியிருப்பாரா என்பதே சந்தேகம்.

செத்துப்போன மனுஷியின் பேரைப் போட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்று தலையை ஆட்டினார்.

கும்பகோணத்தில் மீரா உசேன் என்று ஒருவர் இருந்தார். கல்யாண பேண்டு செட்டுக்காரர்களின் வாத்தியம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஸ்டவ் எல்லாவற்றுக்கும் ஈயம் வைத்து ஒட்டுகிற கடை. பெருமை பேசுவதில் மன்னன். “பாய், இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வாத்தியம் பாத்திருக்கீங்களா?” என்று ஜெக்கரியா கேட்டதற்கு, “சார், யானைத் தும்பிக்கையில ஓட்டை விழுந்தாலும் ஒட்டித் தருவேன்” என்றார். பழைய குழாயைச் சூடு காட்டிக் கழற்றினார். இரண்டாகப் பிளந்து உள்ளே காட்டினார். அரித்துச் சொறி பிடித்திருந்தது. ஜெக்கரியாவுக்கு அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். இந்தச் சொறியைத்தானே ஒரு வருஷமாகத் தன் வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தார்!

புதுக்குழாய் உட்கார்ந்தது. “ஊதுங்க சார்” என்றார் மீரா உசேன்.

ஊதினார். அடேயப்பா! மூச்சு தானாகப் போனது. ஊதுகிற மாதிரியே இல்லை. கீழ் சுரம், நடு சுரம், ஏறினார், ஏறினார், அந்த உச்சியைப் பிடிக்கப் போனார். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு மயிலாடுதுறை பஸ் காற்று ஹார்னை அலறவிட்டுக்கொண்டு கடை வாசலை உரசிப் போனது.

“வந்துச்சா பாய்?”

“வராம? கணீர்னு வந்துச்சே!”

“அது நானா, பஸ்ஸா?”

“நீங்கதான் சார்! என் கை பட்டு வராம இருக்குமா?”

ஜெக்கரியாவுக்கு வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. இன்னொரு தரம் ஊதிப் பார்த்திருக்கலாம். ஆனால் வந்தது என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது திரும்ப ஊதி, வராமல் போய்த்தொலைந்தால்? அந்தச் சந்தோஷத்தோடேயே எழுந்துவிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மீரா உசேன் ஜும்மாவுக்கு நேரமாயிற்று என்று கடையைச் சாத்திக்கொண்டு போனார்.

பக்கத்துச் சந்தில் தங்கையனின் பாத்திரக்கடை. சொம்பு, குடம், குத்துவிளக்கு எது வாங்கினாலும் வாசலிலேயே பேர் வெட்டிக் கொடுப்பார். கல்யாணச் சீர் வாங்க வந்த கூட்டம் நின்றது. ஜெக்கரியா கிருபாவதி சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னார்: கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஞானப்பூ அம்மாள் நினைவாக.

தங்கையன் குழாயைப் பார்த்தார், வாசகத்தை யோசித்தார். “நீளமா இருக்கே சார். மெஷின் உருண்டையில நிக்காது. உளியாலதான் வெட்டணும்.”

“வெட்டுங்க.”

“ஆழமா வெட்டிடவா? உங்க பேரன் காலத்துக்கும் அழியாது.”

“நல்லா ஆழமாவே வெட்டுங்க.”

தங்கையன் மடியில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு ஹார்னைப் படுக்கவைத்து, சிறு உளியால் டொக்கு டொக்கு என்று புள்ளி வைக்க ஆரம்பித்தார். ஜெக்கரியா எதிரே போய் நல்ல காபியாக ஒன்று குடித்துவிட்டு வந்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தஞ்சாவூர் திரும்புகிற வழியில் ரோடெல்லாம் தை அறுவடை நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். பஸ் அதன் மேல் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஜெக்கரியா ஹார்னைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிருபாவதி எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஊதுங்க” என்றாள்.

ஊதினார். கட்டைக் குரலில் ஒரு சத்தம் வந்தது. மறுபடி ஊதினார். கடையில் தானாகப் போன மூச்சு இப்போது எதிலோ இடறியது. நடு சுரமே ஆடியது. மேல் சுரம்? அந்தப் பக்கமே போக முடியவில்லை. பழைய குழாயில் பத்துக்கு நாலு தரமாவது வந்தது, இதில் அதுவும் போச்சு.

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் என்ன நடந்தது? ஜெக்கரியாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பஸ் குலுக்கலில் ஈயம் விட்டுவிட்டதா? ஒட்டு கெட்டியாகத்தான் இருந்தது. காபி குடித்ததால் உதடு வெந்துபோயிற்றா? மறுநாள் வெறும் வயிற்றில் ஊதினார். அதே லட்சணம். தண்ணீர் விட்டு அலசினார், எண்ணெய் போட்டார், பீஸை மாற்றிச் சொருகினார், நின்றுகொண்டு ஊதினார், உட்கார்ந்துகொண்டு ஊதினார். என்ன செய்தும் ஒன்றும் நடக்கவில்லை.

கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மீரா உசேனுக்குப் போன் போட்டால், “புதுச்செருப்பு மாதிரி சார், நாலு நாள் கடிக்கும்” என்றார். எல்வின், “சிங்கப்பூர் சாமான்ல கோளாறு இருக்காது அத்தான்” என்றான். அவன் வெள்ளந்தியாகத்தான் சொன்னான். ஆனால் சாமானில் கோளாறு இல்லை என்றால் பாக்கி யார் இருக்கிறார்கள்? கிருபாவதி, “கண்ணு பட்டிருக்கும்” என்றாள். நாம கிறிஸ்தவர்கள், அதெல்லாம் செய்யக்கூடாது என்றும் அவளே சொன்னாள். பிறகு கொல்லையில் உப்பும் மிளகாயும் எடுத்து ஹார்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள், வாய்க்குள் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே.

ஒத்திகை அன்றைக்கு மானமே போயிற்று. வரியின் பாதியில் ஹார்ன் கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. டிரம்பெட்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். ஜோஸ்வா சார் சான்ட்ராவைப் பார்த்தார். அவள் பாவம், நல்ல பெண், ஜெக்கரியாவின் முகத்தைப் பார்க்காமலேயே பொத்தானை அமுக்கினாள். மேல் சுரம் பிசிறில்லாமல் வந்து நின்றது.

“கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசியா ஒரு தரம் பாத்துடுவோம்” என்றார் ஜோஸ்வா சார். அது தயவா, தண்டனையா என்று ஜெக்கரியாவுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. பாஸ்போர்ட் பீரோவில் இருப்பது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. இதற்காகவா இருந்தேன்? எல்லாரும் போனார்களே, நான் மட்டும் இந்தக் குழாயை நம்பி இருந்தேனே, கடைசியில் எனக்கு இதுகூட வராதா? ஒரு மனுஷன் தன்னைப் பார்த்துத் தானே கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் சுத்தம் செய்கிற துணியைக் கயிற்றில் கட்டிப் புதுக்குழாய்க்குள் விட்டு இழுத்தார். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய துணி ஓரிடத்தில் சிக்கியது. புதுக்குழாய்க்குள் என்ன சிக்க இருக்கிறது? துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி உள்ளே விட்டார். கொஞ்ச தூரம் போனதும் ஈர்க்கின் நுனி கடகடவென்று தட்டியது. எடுத்து மறுபடி விட்டார். கடகடகட. வெளியே எந்த இடம் என்று விரலை வைத்துப் பார்த்தார். விரல் ஞானப்பூ அம்மாள் மேல் இருந்தது.

மேலே பள்ளமாக வெட்டிய ஒவ்வொரு புள்ளியும் உள்ளே மேடாக எழும்பி நின்றது. காகிதக் கனத்துக் குழாயில் ‘நல்லா ஆழமாவே வெட்டுங்க’ என்று சொன்னது யார்? இவரேதான். சொம்பில் வெட்டினால் தண்ணீருக்கு என்ன தெரியும்? காற்றுக்குத் தெரியும். ‘கர்த்தருக்குள்’ என்பதில் ஆரம்பித்து ‘நினைவாக’ வரைக்கும் தடுக்கித் தடுக்கித்தான் அது போக வேண்டும்.

ஜெக்கரியா கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இருக்கும்போதும் அந்த அம்மாள் உச்சியைத் தொடவிடவில்லை. போன பிறகு குழாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

கிருபாவதியிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கி ஒருவழியாகச் சொன்னார். ஈர்க்கை அவள் கையில் கொடுத்து உள்ளே விடச் சொன்னார். கடகடவென்று தட்டியதும் அவள் கை நின்றுவிட்டது.

“எங்கம்மாவா?”

“ஆமா.”

அவள் ‘களுக்’கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. “பால்காரன் வந்துட்டானா பாருங்கன்னு இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களா?” என்று முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, “எடுத்துடுங்க” என்றாள்.

“கிருபா...”

“பேரு எங்க போயிடப் போகுது? என் மனசுல இருக்கு. நீங்க ஊதணும். போங்க, பாய்கிட்ட போய் எடுத்துட்டு வாங்க.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஜெக்கரியா மறுபடி கும்பகோணம் பஸ் ஏறினார். மீரா உசேன் எழுத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்ன சார் இது! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இது குழாய் சார், குடமில்ல!”

“எடுக்க முடியுமா பாய்?”

“எங்கிட்டயே கேக்குறீங்களே! உருண்டையா தேச்ச கம்பி வச்சிருக்கேன். உள்ள விட்டு மேல மெதுவா தட்டுனா மேடெல்லாம் படுத்துடும். பேரு கலைஞ்சு போயிடும், அது போனா போகட்டும். நீங்க கேட்ட சுரம் நூத்துக்கு நூறு வரும்.” கம்பியைத் தேடிக்கொண்டே சிரித்தார். “அப்பவும் வரலைன்னா கோளாறு குழாயில இல்ல சார்.” தன் உதட்டைத் தட்டிக் காட்டினார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஜெக்கரியா கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்போது வரவில்லை என்றால் காரணம் ஞானப்பூ அம்மாள். அதற்கு முன் வரவில்லை என்றால் காரணம் சொறி. இந்த மேட்டையும் படுக்கவைத்துவிட்டால் அப்புறம் காரணம் சொல்ல யார் இருக்கிறார்கள்? வெறும் குழாய், நடுவில் காற்று, இந்தப் பக்கம் ஜெக்கரியா. இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். இத்தனை நாள் எது தெரிய வேண்டும் என்று துடித்தாரோ அது இன்னும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மீரா உசேன் கம்பியை எடுத்து எண்ணெய் தடவினார்.

“வேணாம் பாய்” என்றார் ஜெக்கரியா.

“என்ன சார்?”

“வேணாம். இருக்கட்டும். அவங்க பேரு இருக்கட்டும்.”

ஹார்னை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் செய்தது என்னவென்றே புரியவில்லை. மாமியார் மேல் இரக்கமா? கிருபாவதி அழுத அழுகையா? பயமா? எல்லாம் கலந்து ஒரே சேறாகக் கிடந்தது, எதில் கால் வைத்தாலும் உள்ளே போயிற்று.

வீட்டில் கிருபாவதி வாசலிலேயே குழாயை வாங்கிப் பார்த்தாள். எழுத்து அப்படியே இருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மனசு வரல” என்றார் ஜெக்கரியா. அது பொய்யில்லை. முழுசாக உண்மையும் இல்லை.

அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நேரே ஜோஸ்வா சார் வீட்டுக்குப் போனாள். என்ன சொன்னாளோ, சாயங்கால ஒத்திகையே வேண்டாம் என்று அவர் ஆள் அனுப்பிவிட்டார். “வரி ஜெக்கரியாவுக்குத்தான். எப்படி வந்தாலும் அவருக்குத்தான்” என்று சொல்லச் சொன்னாராம்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. வாசலில் பெண் வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். ஜெக்கரியா எழுந்தார், ஜிலேபியை உதட்டில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். முதல் சுரம் வந்தது. இரண்டாவது, மூன்றாவது, தடுக்கினாலும் விழாமல் ஏறியது. உச்சிக்கு வந்தார்.

பிசிறடித்தது. சின்னப் பிசிறில்லை, நல்ல பிசிறு. கோயிலே கேட்டது.

பீடத்தின் முன் நின்ற எல்வின் சட்டென்று திரும்பினான். அவன் முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். “அக்கா, அம்மா கூப்பிடுறாங்க” என்று உதட்டை அசைத்தான். கிருபாவதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஜெக்கரியா மிச்ச வரியை எப்படியோ ஊதி முடித்தார். பெண் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மாமியார் பேரை அழிக்க மனசில்லாமல் தன் வாசிப்பையே விட்டுக்கொடுத்த மனுஷன் என்று கிருபாவதி ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தாள். பெண் வீட்டார் வந்து கும்பிட்டார்கள். ஜோஸ்வா சார் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உதடு போச்சுன்னு நெனச்சேன்பா, மன்னிச்சுடு. இனிமே அந்த வரி உனக்குத்தான், சாகுற வரைக்கும்” என்றார். ஜெக்கரியா இலையில் வைத்த பிரியாணியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, மண்டபத்தின் பின்பக்கம் கிருபாவதி மிஞ்சின பலகாரத்தைப் பையில் கட்டிக்கொண்டிருந்தாள். ஜெக்கரியா பக்கத்தில் போய் நின்றார்.

“கிருபா, எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லாதடி. எனக்குக் கூச்சமா இருக்கு.”

“ஏன்? உள்ளதைத்தானே சொன்னேன்?”

“அது உள்ளதான்னு எனக்கே தெரியல. பாய் கம்பிய எடுத்தாரு. அப்பவும் வரலைன்னா கோளாறு என்னுதுன்னு ஆயிடும்ல? உங்கம்மாவுக்காக வேணாம்னு சொன்னனா, பயந்துக்கிட்டு சொன்னனா... சத்தியமா எனக்குத் தெரியல கிருபா.”

அவள் பையின் வாயைச் சுருக்கிட்டு இறுக்கினாள். அவசரப்படவில்லை.

“சிங்கப்பூர் வேணாம்னு சொன்னீங்களே, அது ஹார்னுக்காகவா, பயந்துக்கிட்டான்னு நான் என்னைக்காவது கேட்டேனா?”

“இல்ல” என்றார் ஜெக்கரியா.

“பின்ன இப்ப மட்டும் எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?”

அவள் குரலில் கோபம் இல்லை. நாற்காலியில் கிடந்த ஜிலேபியைத் தானே எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தூக்குவது அதுதான் முதல் தரம். முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். அம்மாவின் பேர் இருந்த இடத்தில் கட்டைவிரல் கொஞ்சம் நின்றது. பிறகு அவர் கையில் கொடுத்தாள்.

“தூக்கிட்டு வாங்க” என்றாள். “டவுன் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”